வெள்ளத்தில் நனைந்த வீணையும் கூலி வாங்காத ஆசாரியும்

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறியபோது ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ரொம்பக் கொஞ்சம். பெரியவர்களையும் குழந்தைகளையும் மாடிக்கு ஏற்றி, மாத்திரை, ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம் என்று கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஏறுவதற்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. நாலடி நீள வீணையை அந்த நேரத்தில் யார் தூக்குவது? தண்ணீர் வடிந்து கீழே இறங்கி வந்தபோது அது உறையோடு கூடத்து மூலையில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு மிருதங்கம், மாணவி ஒருத்தி விட்டுப்போன வயலின், மின்சார சுருதிப்பெட்டி, பல வருஷத்து ஸ்வர நோட்டுகள். எல்லாம் சாக்கடை கலந்த சேற்றுக்குள். கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. ஊரில் உயிர்கள் போயிருக்கும்போது மரக்கட்டைக்காக அழுகிறோமே என்ற கூச்சம் வேறு. ஆனால் வீணை சொல்லிக்கொடுத்து வீட்டு வாடகை கட்டுகிறவர்களுக்குக் கருவி போனால் வருமானமும் சேர்ந்தே போகிறது. அதைச் சொல்லி அழக்கூட ஆள் இல்லாத நாட்கள் அவை.

அதற்குப் பிறகும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வடகிழக்குப் பருவமழை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகவே நனைந்த கருவியை என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது, உதவ முன்வருகிற கைவினைஞரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதிவைக்கிறேன். முக்கால்வாசி விஷயம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் நனைந்த கருவிகளைக் கூலி வாங்காமல் பழுது பார்த்த ஒரு வீணை ஆசாரி சொன்னதும் செய்து காட்டியதும்தான். தஞ்சாவூர்க் குடும்பம், சென்னையில் பட்டறை. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

முதல் வேலை, உறையைக் கழற்றுவது. உறைக்குள் வைத்திருக்கிற பஞ்சும் ஸ்பாஞ்சும் தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது. இரண்டு நாள் அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். தூக்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கை உருண்டையான குடத்துக்கு அடியில், இன்னொருவர் கை நீளமான கழுத்தாகிய தண்டிக்கு அடியில். தண்டியின் நுனியில் செதுக்கிய யாளி முகத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஊறிய பலாமரம் கனத்துப் போயிருக்கும், ஒட்டுப்போட்ட இடமெல்லாம் இளகியிருக்கும். தனித்தனித் துண்டுகளைச் சேர்த்துச் செய்த ஒட்டு வீணையில் குடமும் தண்டியும் சேருகிற இடம் பெரும்பாலும் இப்படித் தூக்கும்போதுதான் பிரிகிறது. ஏகாண்ட வீணை ஒரே மரத்தில் குடைந்தது என்பதால் அந்த பயம் இல்லை. ஆனால் அதிலும் குடத்தின் மேல்பலகை தனியாக ஒட்டியதுதான்.

அடுத்தது தந்திகள். ஊறிய மரத்துக்கு இழுவையைத் தாங்கும் வலு குறைவு. ஏழு தந்திகளும் சுருதி சேர்ந்த நிலையிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் தண்டி மெல்ல வளையும், அந்த வளைவோடேயே காய்ந்தும் போகும். ஒரு தந்தியை முழுக்கத் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். தந்தியை முறுக்கும் முளையான பிரடை ஊதிப்போய்த் திரும்பாது. அதை முறுக்கிப் பலம் காட்டினால் பிரடை உடையும், அல்லது அது நிற்கிற துளை பிளக்கும். இரண்டாவது நடந்தால் வேலை பெரிசு. பிரடை அசையாவிட்டால் குடத்து ஓரத்தில் தந்திகளைக் கட்டியிருக்கும் நாகபாசத்துப் பக்கம், சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் லங்கர் மணியைத் தளர்த்தி இழுவையைக் குறைத்துவிட்டு, கட்டிங் பிளேயரால் தந்தியை வெட்டிவிடலாம். துருப்பிடித்த தந்தி எப்படியும் குப்பைக்குத்தான். முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிரடையை அப்படியே விட்டால் மரம் காயும்போது தானே வழிவிடும்.

தண்டிக்கு அடியில் மாட்டியிருக்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனியே வையுங்கள். பைபர் சுரைக்காய் என்றால் கழுவித் துடைத்தால் போதும். காகிதக்கூழில் செய்ததோ நிஜச் சுரைக்காயோ என்றால் பெரும்பாலும் அமுங்கிப்போயிருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், மாற்றுவது சுலபம்.

சேறு காய்வதற்குள் கழுவ வேண்டும் என்பது கேட்பதற்கு வினோதமாக இருக்கும். ஏற்கனவே தண்ணீரில் ஊறியதை மறுபடியும் நனைப்பதா? ஆமாம். வெள்ளச் சேறு காய்ந்தால் தண்டி மேல் குறுக்காக இருக்கும் உலோக மெட்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் மெழுகுக்கும் நடுவே, பலகை இடுக்கில், செதுக்கு வேலைப்பாட்டில் எல்லாம் கல்லாக இறுகும். பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டினால் பாலிஷும் மரமும் சேர்ந்து வரும். நல்ல தண்ணீரைச் சொம்பில் எடுத்து மெதுவாக ஊற்றி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கலாம். சோப்பு வேண்டாம், நார் வேண்டாம். குடத்துக்குள் போன சேற்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேல்பலகையில் இருக்கும் நாதத்துளைகள் வழியாக உள்ளே நிறையச் சேறு போயிருக்கும். கொஞ்சம் நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, மடியில் வைத்து மெல்ல ஆட்டி, கவிழ்த்து வடிய விட வேண்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை. கையில் ரப்பர் கையுறை கட்டாயம், அது வெறும் ஆற்றுத் தண்ணீர் இல்லை.

இப்படிக் கழுவும்போது மேல்பலகையில் ஒட்டியிருந்த பூ வேலை, ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டை, மெழுகுத் துண்டு, சில மெட்டுகள் எல்லாம் கழன்று வரும். ஒன்றைக்கூட எறியாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டுக் கருவியோடு கட்டி வையுங்கள். மெட்டுகள் மொத்தம் 24. கழன்றதை எத்தனையாவது என்று டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் பழுது பார்க்கிறவருக்குப் பாதி நாள் மிச்சம். செல்போனில் சார்ஜ் இருந்தால் கைவைப்பதற்கு முன்பு நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மெட்டு எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இனி வெயில். மழை விட்டதும் சென்னையில் சுள்ளென்று வெயில் அடித்தது. பலர் பாய், தலையணை, பீரோ, வீணை எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். மரத்தின் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் ஊறியே இருக்கும். வெளியே சுருங்கப் பார்க்க உள்ளே விட்டுக்கொடுக்காமல் நிற்க, ரேகை வழியாகப் பிளவு விழும். மரம் நீளவாக்கில் அதிகம் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். அதனால்தான் மெல்லிய மேல்பலகை வெயிலில் போட்ட அப்பளமாக முறுக்கிக்கொள்கிறது. வீணைக்கு இன்னொரு கேடும் உண்டு. மெட்டுகள் உட்கார்ந்திருப்பது தேன்மெழுகில் கரித்தூள் கலந்த கலவையில். வெயில் பட்டால் அது இளகும், மெட்டு சாயும். மேளம், அதாவது மெட்டுகளைச் சுருதிக்கு நிறுத்திய அமைப்பு, மொத்தமும் போய்விடும். ஹேர் டிரையர், அடுப்படிச் சூடு, நேர் எதிரே வைத்த பெடஸ்டல் பேன் எல்லாம் வெயிலின் தம்பிகள்தான். அரிசி மூட்டைக்குள் வைத்தால் ஈரத்தை இழுக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், நாலடி பலாமரத்திடம் அது எடுபடாது.

சரியான முறை சலிப்பூட்டும் முறை. நிழல், காற்றோட்டம், பொறுமை. தரையில் வைக்காமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடத்தி, அடியிலும் காற்று போகும்படி விட வேண்டும். காற்று அறையில் ஓடட்டும், மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுழலட்டும். நாளுக்கு ஒரு தரம் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பக்கம் காய்ந்து வளையும். பிரடைத் துளைகள், யாளி சேரும் இடம் போன்ற வெட்டுவாய்கள் மற்ற இடத்தைவிட வேகமாக ஈரத்தை விடும், அங்கேதான் முதல் கீறல் வரும். அந்த இடங்களை மெல்லிய பருத்தித் துணியால் தளர்வாகச் சுற்றி வைத்தால் வேகம் மட்டுப்படும். பாலிஷ் மேல் வெள்ளைப் படலம் படர்ந்தால் பதறாதீர்கள், அது பாலிஷுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம். பூஞ்சையைத் துடைக்க ஸ்பிரிட் நல்லதுதான், ஆனால் அரக்கு பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பாலிஷ் போட்ட பக்கம் உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆசாரி சொன்ன வழி தராசு. பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு ஒன்று வாங்கி, துணித் தூளியில் வீணையை வைத்து வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை பார்த்துச் சுவரில் எழுத வேண்டும். முதல் சில வாரம் எடை மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். அடுத்தடுத்த வாரங்களில் முள் அதே இடத்தில் நின்றால்தான் மரம் அறைக் காற்றோடு சமரசமாகிவிட்டது என்று அர்த்தம். மார்கழிக் காற்றிலேயே ஈரம் இருப்பதால் சென்னையில் இது மாதக்கணக்கில் இழுக்கும். கெட்டியான குடத்துப் பகுதி கடைசியாகத்தான் காயும்.

இந்த இடத்தில்தான் எரிச்சலும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வரும். ஒரு வாத்தியக் கடையில் காட்டியபோது, "இது இனிமே விறகுதான், புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள். புது ஒட்டு வீணைக்கு முப்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிவாரணம் 5,000 ரூபாய், அது படுக்கைக்கும் அடுப்புக்குமே போதவில்லை. இன்னொருவர் ஒரே வாரத்தில் ஒட்டித் தருகிறேன் என்றார். டிசம்பர் கச்சேரி சீசன் நெருங்கிக்கொண்டிருந்ததால் பலர் இந்த ஒரு வாரக்காரர்களிடம்தான் போனார்கள். விளைவு கத்தரி வெயிலில் தெரிந்தது. ஈர மரத்தில் போட்ட ஒட்டு, மரம் காய்ந்து சுருங்கியதும் பிரிந்தது. சிலருக்கு மேல்பலகை நடுவாகவே வெடித்தது. இரண்டாம் முறை பழுது பார்க்கும்போது பழைய பசையைச் சுரண்டி எடுப்பதே தனி வேலை, அதற்குத் தனிக் கூலி.

நம் ஆசாரி செய்த உதவியில் கூலி வாங்காததைவிடப் பெரியது, ஈர மரத்தில் கைவைக்க மாட்டேன் என்று மறுத்ததுதான். "கூலி வேணாம்மா, சாமான் காசு மட்டும் குடுங்க. ஆனா எப்ப முடியும்னு மட்டும் கேக்காதீங்க. மரம் சொல்லணும்" என்றார். கேட்டவர்களில் பாதிப்பேர் முகம் சுளித்தார்கள். இலவசமாகச் செய்கிறவர் சீக்கிரம் செய்து தள்ளிவிடத்தான் பார்ப்பார் என்று நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. டிசம்பர் அவருக்கு வருஷத்திலேயே வரும்படி அதிகமான மாதம். சீசனுக்கு மேளம் கட்ட, தந்திகளைத் தாங்கும் குதிரையைச் சரிசெய்ய என்று காசு கொடுக்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் பட்டறையின் முன்பக்கத்தைக் காலி செய்து, மூங்கில் கட்டிப் பரண் போட்டு, நனைந்த கருவிகளைக் காய வைக்க இடம் கொடுத்தார். அந்த இடத்தின் மதிப்பை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

யாருக்கு முதலில் என்பதிலும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. அன்றாடம் அந்தக் கருவியை நம்பிச் சோறு தின்கிறவர்கள் முதலில். கோயிலில் மார்கழி விடியற்காலையில் வாசிக்க வேண்டிய நாகஸ்வரக்காரர், சீசனில் பக்கவாத்தியம் வாசிக்கிறவர் போன்றவர்களை, அது தன் வேலை இல்லாவிட்டாலும், தெரிந்த கைவினைஞரிடம் தானே போன் செய்து அனுப்பிவைத்தார். கல்யாணத்துக்கு வாசிக்கிற செட்டுக்கு மார்கழியில் வேலை இல்லை, தை பிறக்கும்வரை பொறுக்கலாம் என்பார். பிறகு சொல்லிக்கொடுக்கிறவர்கள். அதற்குப் பிறகு மாணவர்கள். கூடத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த வீணைக்குக் கடைசி இடம், அதன் சொந்தக்காரர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குத் தன்னிடம் இருந்த பழைய பழகு வீணைகளை இரவல் கொடுத்தார். பாதி வகுப்புகள் அதனால்தான் நின்றுபோகாமல் நடந்தன.

வேலை தொடங்கியது எடை நின்ற பிறகு, கோடை தொடங்கும் சமயத்தில். முதலில் பிரிந்த ஒட்டுகள். பழைய பசையை முழுக்க எடுத்து, மர முகங்கள் சரியாகச் சேர்கின்றனவா என்று உலர்வாகவே பொருத்திப் பார்த்து, பிறகுதான் பசை. மேல்பலகை கொஞ்சம் சுருங்கியிருந்தால் ஓரத்தில் மெல்லிய பலாச் சீவலைச் செருகி இடைவெளியை அடைக்கலாம். இறுக்கிப்பிடித்து இழுத்து ஒட்டினால் அடுத்த கோடையில் வெடிக்கும். விரிசல் சின்னதென்றால் உள்பக்கம் குறுக்கே ஒரு பட்டை. பிறகு குதிரை. அதன் மேல் இருக்கும் உலோகத் தகடு அரக்கில் ஒட்டியிருக்கும், ஊறினால் தூக்கிக்கொள்ளும். தகட்டின் வளைவு ஒரு நூல் மாறினாலும் ஓசை நீண்டு ஒலிக்கும் கார்வை இருக்காது. ஆகவே அதை நீங்களாக ஒட்டிப் பார்க்காதீர்கள்.

கடைசியில் மேளம் கட்டுவது. தண்ணீர் மெழுகைக் கரைக்காது, ஆனால் அடியில் இருக்கும் மரம் ஊதிச் சுருங்கியதில் மெழுகு பிடி விட்டிருக்கும், நடுவில் சேறும் போயிருக்கும். பழைய மெழுகைச் சூடான கத்தியால் முழுக்க எடுத்து, புதுக் கலவையை இரண்டு பக்கமும் சட்டமாக வார்த்து, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக உட்கார வைத்து, முதல் தந்தியான சாரணியைச் சுருதி சேர்த்துக்கொண்டு காதால் நிறுத்த வேண்டும். ஒரு மெட்டு இம்மி உயர்ந்தாலும் அதற்கு முந்தைய ஸ்வரம் கரகரக்கும். அவர் அந்த வேலை செய்யும்போது பேன் கூடப் போட மாட்டார், மெழுகு ஒரே சீராக ஆறாது என்று. பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் பேசுகிறவர்களை வெளியே அனுப்பிவிடுவார், அது நல்ல பழக்கம். புது மெழுகு சில மாதத்தில் கொஞ்சம் அமுங்கும். அப்போது இரண்டாம் முறை மெட்டைத் திருத்த வேண்டும். இதை முன்பே தெரிந்துகொண்டால், "வேலை சரியில்லை" என்று நல்ல மனிதரைப் பழி சொல்லாமல் இருக்கலாம்.

மற்றக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிருதங்கத்தில் தோலைக் காப்பாற்றப் பார்த்துக் கட்டையை இழக்காதீர்கள். வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருக்கும் கரணை, கிட்டக்கல் தூளைச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்தது. ஊறினால் கரைந்து உதிரும், திரும்ப ஒட்டாது. இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டியிருக்கும் வார் இறுக்கமாக இருக்கும்போதே தோல் காய்ந்தால் சுருங்கி, தோல் வளையமான மூட்டின் ஓரத்தில் கிழியும். ஆகவே வாரைத் தளர்த்தி இரண்டு மூட்டையும் கழற்றிவிட்டு, கட்டையை நிழலில் கட்டைகளின் மேல் வைத்து, இரண்டு வாயையும் துணியால் தளர்வாக மூட வேண்டும். வாய்ப்பக்கம்தான் முதலில் பிளக்கும். மேலும், கட்டை சீராகக் காயாமல் வாய் முட்டை வடிவமாகிவிட்டால் புது மூட்டு உட்காராது. பழைய பலாக்கட்டையின் மதிப்பு வாசிக்கிறவருக்குத் தெரியும், தோல் எப்படியும் தேயத்தான் போகிறது. கஞ்சிரா உடும்புத் தோலில் செய்ததென்றால் இனி அந்தத் தோலை வாங்க முடியாது, உடும்பு பாதுகாக்கப்பட்ட பிராணி. ஆட்டுத் தோலுக்கு மாற வேண்டியதுதான்.

வயலின் ஓரம் பிரிந்து வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் நல்ல சேதி. அதை ஒட்டுவது விலங்குப் பசையான வச்சிரத்தில், அது தண்ணீரில் இளகும். பலகை வெடிப்பதற்குப் பதிலாக ஒட்டு விட்டுக்கொடுத்திருக்கிறது. தந்தியைத் தளர்த்தி பிரிட்ஜை எடுத்துவிட்டால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சி விழுந்துவிடும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் வெள்ளைப் பசையையோ உடனே பிடிக்கும் பசையையோ எடுத்து ஓரத்தை ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பசை மரத்துக்குள் இறங்கிவிட்டால் பிறகு வச்சிரம் அங்கே பிடிக்காது. நாகஸ்வரத்தின் ஆச்சா மரம் அடர்த்தியானது, நிதானமாகக் காய வைத்தால் தப்பும். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை மட்டும் தூக்கிப் போடுங்கள், சாக்கடையில் ஊறியதை வாயில் வைக்க வேண்டாம். கடத்தைக் கழுவிக் காய வைத்தால் முடிந்தது. சுருதிப்பெட்டியில் பேட்டரியை எடுத்துவிடுங்கள், வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று சுவிட்ச் போடாதீர்கள். நன்றாகக் காய்வதற்கு முன் போட்ட கரண்ட்தான் பலகையை எரிக்கிறது. ஸ்வர நோட்டுகளில் பால்பாயின்ட் பேனாவில் எழுதியது பிழைத்தது, மைப்பேனாவில் எழுதியது போயே போய்விட்டது. ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தில் பிரிக்காமல், பிரியும் இடங்களில் மட்டும் வெள்ளைத்தாள் செருகி, தாளை மாற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்சமாவது மிஞ்சும்.

இலவசம் என்ற சேதி பரவியதும் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமையாகாது. பரணில் பத்து வருஷமாகக் கிடந்த உடைந்த வீணையைத் துடைத்து, வெள்ளத்தில் நனைந்தது என்று கொண்டுவந்தவர்கள் உண்டு. சேற்றோடு அப்படியே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. சேறு கழுவும் வேலையிலேயே அவருக்குப் பல காலைப் பொழுதுகள் போயின. பாலிஷ் மங்கலாக இருக்கிறது, யாளிக்குப் புது வண்ணம் அடித்துக் கொடுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு. சிலர் வேலை முடிந்து மாதங்கள் ஆகியும் எடுக்க வரவில்லை. அந்த இடத்தில் இன்னொருவர் கருவி காய்ந்திருக்கலாம். இதையெல்லாம் பார்க்க எனக்கு வந்த கோபம் அவருக்கு வரவில்லை. "கஷ்டத்துல இருக்கறவங்க அப்படித்தான்" என்பார்.

அப்படி ஒருவர் உதவ முன்வந்தால் கருவியைக் கழுவிக்கொண்டு போங்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள், கழன்ற துண்டுகளின் டப்பாவையும். சாமான் காசை முன்கூட்டியே கையில் கொடுங்கள். கடைசியில் கொடுப்பதென்றால் அதுவரை அவர் கைக்காசு முடங்கிக் கிடக்கும். வெள்ளத்துக்கு முன்பே இருந்த கோளாறு எது என்று நேர்மையாகச் சொல்லுங்கள், அதற்குக் கூலி கொடுங்கள். தினமும் போன் செய்யாதீர்கள். "இதுக்குச் செலவு பண்ணாதீங்க, மரம் உள்ளே மக்கிடுச்சு" என்று அவர் சொன்னால் நம்புங்கள். கூலிக்கு வேலை செய்கிறவர் பலர் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். திருப்பிச் செய்ய வேண்டும் என்று தோன்றினால் இனாமாக நீட்டாதீர்கள், பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், சங்கடப்படுவார்கள். வேலையாகக் கொடுங்கள். புது மாணவர்களுக்கு வேண்டிய வீணையை அவரிடமே சொல்லி வைத்து, முன்பணம் கொடுத்தால் மறுக்க மாட்டார். நாங்கள் சிலர் சேர்ந்து அப்படித்தான் செய்தோம்.

ஒரு வீணைக்கு ஆன செலவுக் கணக்கு: தந்தி, மெழுகு, புது சுரைக்காய், பாலிஷ் எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம். தராசும் ஆட்டோ வாடகையும் தனி. சாதாரண நாளில் அந்த வேலைக்குக் கூலியே அதைப்போல இரண்டு மடங்கு வரும். வகுப்பு நின்றதில் போனது அதைவிட அதிகம், ஆனால் இரவல் வீணை கையில் இருந்ததால் தை மாதத்திலிருந்து மீண்டும் சொல்லிக்கொடுக்க முடிந்தது. அடுத்த வருஷம் மெழுகு அமுங்கி மெட்டைத் திருத்தப் போனபோது அவர் முழுக்கூலி கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தாயிற்று.

ஐப்பசி பிறக்கும் முன்பு இப்போது செய்வது இவ்வளவுதான். தரைத்தளத்தில் இருப்பவர்கள் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு மேலே இரண்டு உறுதியான இரும்புக் கொக்கி அடித்து, குடத்துக்கும் தண்டிக்கும் தடித்த நாடாவில் தூளி கட்டி வையுங்கள். சமையலறைச் சுவரும் வெளிப்பக்கம் மழை அடிக்கும் சுவரும் வேண்டாம். ஸ்வர நோட்டுகளைப் படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். கருவியின் உறைக்குள் பழுது பார்க்கிறவரின் நம்பரை எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தைத்துவிடுங்கள். செல்போன் நனைந்துபோன அந்த வாரத்தில் பலருக்கு ஆசாரியின் நம்பர் செல்போனுக்குள்ளேதான் இருந்தது.